மீன் தொட்டிக்கு ஏற்றிய சொட்டுத் தண்ணீர்

என் மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போனது ஒரு மீன். ஆரஞ்சு நிறத் தங்க மீன். தலையில் விபூதி இட்டாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. அவன் காலேஜில் படிக்கும்போது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் கண்ணாடித் தொட்டியோடு ஜோடியாக வாங்கி வந்தான். அவன் அம்மா காலமான வருஷத்திலேயே ஜோடியில் ஒன்று போய்விட்டது. சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் கொஞ்ச நாள் இருந்தான்; அங்கிருந்தே ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் நானும் இந்த மீனும்தான்.

வீடு திருக்கழுக்குன்றத்துக்கு வெளியே, மாமல்லபுரம் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மாடியில் ஏறி நின்றால் மலையும் மலைமேல் கோயிலும் தெரியும். காலையில் குளித்துவிட்டு மாடிக்குப் போய் ஈஸ்வரனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டால்தான் எனக்குக் காபி இறங்கும். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் கடலோரத்தில் ஒரு பெரிய குடியிருப்பில் தண்ணீர்ப் பிரிவில் வால்வு ஆபரேட்டராக இருந்தேன். படிப்பு எட்டாவது. அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பெரிய படிப்புக்காரர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள். குழாயில் தண்ணீர் வந்தால் அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. வராவிட்டால் எல்லோருக்கும் தெரியும்.

மகன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் செய்வான். அங்கே அப்போது மதியம். நான் நாலே முக்காலுக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருவேன். பேச்சில் ரெண்டு பேருமே கெட்டிக்காரர்கள் இல்லை. அவன் அம்மா இருந்தவரைக்கும் அவள்தான் எங்களுக்கு நடுவில் பேசினாள். "அப்பா உன்ன கேட்டாரு"ன்னு அவனிடம் சொல்வாள். "புள்ள உன்ன கேட்டான்"ன்னு என்னிடம் சொல்வாள். ரெண்டு பேரும் கேட்டிருக்க மாட்டோம். அவள் போன பிறகு எங்களுக்குக் கிடைத்தது இந்த மீன்.

"மீன் எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா. தீனி துன்னுது."

"தண்ணி மாத்தினியா?"

"நேத்து மாத்தினேன். பாதித் தொட்டி."

இதுதான் பேச்சு. இதற்காகவே நான் சனிக்கிழமை காலையில் தண்ணீர் மாற்றுவேன், ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கு ஒரு சங்கதி வேண்டுமே. பாதித் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை பக்கெட் பக்கெட்டாகத் தூக்கி ஊற்றுவேன். ஊற்றுவதற்கு முன்னால் பக்கெட்டுக்கு மேலே குனிந்து முகர்ந்து பார்ப்பேன். பஞ்சாயத்துத் தண்ணீரில் சில நாள் பிளீச்சிங் மருந்து வாடை தூக்கலாக இருக்கும். மருந்து அதிகமானால் மீன் தாங்காது. எனக்கு வேலையில் பழகிய மூக்கு, ஏமாறாது.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் எனக்குக் குடலிறக்கம் வந்து செங்கல்பட்டில் ஆபரேஷன் ஆயிற்று. பக்கெட் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் குடியிருந்தார். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஓட்டுவார். வயது முப்பத்தைந்து இருக்கும். அவர்தான் ரெண்டு வாரம் வந்து தண்ணீர் ஊற்றினார். தொட்டியில் பாதி, தரையில் பாதி.

"இன்னா நைனா இது, வெரல் நீட்டு மீனு. இதுக்கு நா வாராவாரம் தண்ணி லாரி கணக்கா வந்துகினு கீறேன். பேசாம கோயில் கொளத்துல வுட்டுட்டு வா. சாமி மீனோட மீனா இருந்துட்டுப் போவுது."

"என் புள்ளையோட மீனுப்பா அது."

"புள்ள அங்க கோழி துன்னுகினு கீறான், நீ இங்க மீன வெச்சிகினு அழுவுற. சரி, பக்கெட்ட குடு."

மனசு தங்கமான ஆள். ஆனால் ஒவ்வொரு வாரமும் அவரைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தூக்கவே வேணாம்பா. தானா மாறுற மாதிரி பண்ணிடலாம்" என்றான்.

"அது எப்படி?"

"நீ இன்னா வேலப்பா பார்த்த? மேல ஒரு டேங்க். அங்கருந்து சொட்டுச் சொட்டா தொட்டிக்குத் தண்ணி. தொட்டி நெறைஞ்சா மேல ஒரு ஓட்டை வழியா வெளிய. அவ்ளோதான். நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மாறிகிட்டே இருக்கும். மீனுக்கும் அதுதான் நல்லது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. ரிட்டையர் ஆகி நாலு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதற்கப்புறம் வந்த ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளை நான் மறக்க மாட்டேன். காபி ஆறி ஆடை கட்டிவிடும், போனை வைத்திருக்க மாட்டோம். ஓட்டை எந்த உயரத்தில் போடுவது, பைப் அரை அங்குலமா முக்கால் அங்குலமா, மீன் தீனி போய் அடைத்துக்கொள்ளாமல் ஓட்டைக்கு என்ன வலை கட்டுவது... அவன் அங்கே ஒரு படம் போட்டுப் பார்ப்பான், நான் இங்கே காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு படம் போடுவேன். ரெண்டும் ஒன்றா என்று வாயாலேயே சரிபார்ப்போம். சில சமயம் நான் சொன்னது சரியாக இருக்கும். "அது நீ சொல்றதுதாம்பா கரெக்ட்" என்பான். போனை வைத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டு சோற்றில் உப்புப் போட மறந்துவிடுவேன்.

தொட்டிக்கு ஓட்டை போடச் செங்கல்பட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போனேன், எதிர்வீட்டு ஆட்டோவில். மீன் அதுவரைக்கும் வீட்டில் பிளாஸ்டிக் டப்பில் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"பழைய கண்ணாடி அண்ணாத்த. விரிசல் வுட்டுச்சுன்னா என்ன கேக்கக் கூடாது."

"சாமிய கும்பிட்டுகினு போடுங்க."

"நான் கும்பிடறது இருக்கட்டும். நீ நவுந்து நில்லு, நீ பாக்கறதுல எனக்குக் கை நடுங்குது."

ஆட்டோக்காரர் உடனே, "இவரு தன் பொண்டாட்டி ஆப்ரேசனுக்குக்கூட இப்படி நிக்கலப்பா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது. என் மூஞ்சியைப் பார்க்காமல் டீ வாங்கப் போய்விட்டார். ஓட்டை நல்லபடியாக விழுந்தது.

அந்த ஓட்டையிலிருந்து பைப்பை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் பாயும்படி செய்தேன். உள்ளே வருகிற தண்ணீருக்கு மாடியில் ஒரு நீல டிரம் வைத்தேன். அது ஏழெட்டுக் குடம் பிடிக்கும். டிரம்மிலிருந்து தொட்டிக்குச் சொட்டு விட என்ன குழாய் போடுவது என்றுதான் பெரிய கேள்வி. மகன் என்னென்னவோ சொன்னான். நான் மருந்துக் கடைக்குப் போய் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று வாங்கி வந்து, டிரம்மிலிருந்து கீழே இறக்கிய பைப்பின் நுனியில் மாட்டினேன்.

அதில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். கட்டை விரலால் மேலே தள்ளினால் சொட்டு வேகமாக விழும், கீழே தள்ளினால் மெதுவாக, இன்னும் தள்ளினால் நின்றுவிடும். எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் அம்மாவுக்குக் கடைசிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் அதுதான் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா, "சொட்டு நின்னுச்சுன்னா கூப்பிடுங்க, ஐயா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணுவேன். அதையே பஞ்சாட்சரமாக மாற்றி, ஒரு சொட்டுக்கு ஒரு நமசிவாய என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பன்னிரண்டாம் நாள் காலையிலும் சொட்டு நிற்கவில்லை. அவள்தான் நின்றுபோனாள்.

இதை மகனிடம் சொல்லவில்லை. "மெடிக்கல் டியூப் ஒண்ணு போட்டேன், நல்லா வேலை செய்யுது" என்று மட்டும் சொன்னேன். "சூப்பர் ஐடியாப்பா" என்றான்.

சக்கரத்தை ஒரு நாளைக்கு ஒரு குடம் இறங்குகிற மாதிரி வைத்தேன். டிரம்மை வாரத்துக்கு ஒரு தரம் நான் நிரப்ப வேண்டும். அதுவும் வேண்டாம் என்று மகன் சொல்லி, கடைசியாக ஒரு மிதவை வால்வு போட்டோம். கக்கூஸ் பிளஷ் தொட்டிக்குள்ளே ஒரு பந்து மிதக்குமே, அதேதான். டிரம்மில் தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும், வால்வு திறக்கும், வீட்டு மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வந்து நிரம்பும். நிரம்பினால் பந்து எழும்பி அதுவே மூடிக்கொள்ளும். டிரம்முக்குக் கொசு போகாதபடி இறுக்கமாக மூடி போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் காட்டித் திறந்துவிட்டேன். தொட்டியில் சொட்டு விழுந்தது. மீன் மேலே வந்து அதை வாயைத் திறந்து பார்த்துவிட்டு, தீனி இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மாறுதாப்பா?"

"மாறுதுப்பா. அருமையா மாறுது."

"ஒழுகல் எதுவும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல."

"சூப்பர். சரிப்பா, ஒடம்பப் பாத்துக்க. வெச்சிடட்டா?"

போனை வைத்துவிட்டுக் காபியை எடுத்தேன். இன்னும் சுட்டது.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். என் கையால் செய்ய ஒன்றும் மீதி இல்லை. சனிக்கிழமைக் காலைக்கு அர்த்தம் போய்விட்டது. குழாயிலிருந்து சொட்டு, ஓட்டையிலிருந்து ஒழுக்கு, வெளியே செடி. வீட்டில் என்னைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரு வேலை இருந்தது. செம்பருத்தி என்றுமில்லாமல் பூத்தது. பறித்துச் சுவாமிக்கு வைக்கும்போது, "அப்பனே, எனக்கு ஒரு குறையும் இல்ல" என்பேன். வாய்தான் சொல்லும்.

புரட்டாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போல, "மாறுதாப்பா?" என்று கேட்டான். நான் வாயைத் திறந்தது "மாறுது" என்று சொல்லத்தான். வந்தது வேறு.

"இல்லப்பா. சொட்டு அடைச்சிக்குது."

"அடைச்சிக்குதா? எந்த எடத்துல?"

அதன் பிறகு முப்பது நிமிஷம் பேசினான். உப்புப் படிஞ்சிருக்குமா, பாசியா, டியூபைக் கழற்றி வெந்நீரில் அலசிப் பார்த்தியா என்றெல்லாம் கேட்டான். நான் வேலை தெரிந்தவன் ஆயிற்றே, பொய்யையும் வேலை தெரிந்தவன் மாதிரிதான் சொன்னேன். சக்கரத்துக்குக் கீழே நாலு விரக்கடை தள்ளி வெள்ளையாகப் படிகிறது என்றேன். ரெண்டு நாள் நன்றாகப் போய் மூன்றாம் நாள் நிற்கிறது என்றேன். காபி ஆறிப்போயிற்று. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சொட்டு ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். மலையைப் பார்த்து நிற்க முடியவில்லை. பொய் சொன்ன வாய் பதிகம் பாட வரவில்லை. விபூதியை மட்டும் இட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். இனிமேல் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே முந்திக்கொண்டான். "அடைப்பு சரியாச்சா? நான் ஒருத்தர்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தான். அவ்வளவு ஆசையாகக் கேட்கிறவனிடம் எப்படிச் சொல்வது? "இன்னும் இல்லப்பா" என்றேன். மூன்றாம் வாரம், "சொட்ட நிறுத்தியே வெச்சிட்டேன், ஆட்டோக்காரர்தான் வந்து பக்கெட்ல ஊத்தறாரு" என்றும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நிறுத்தியே வைப்பா. நான் டிசம்பர்ல லீவு போட்டு வரேன். வந்து ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்."

அவன் போய் ஒன்றரை வருஷத்தில் வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் தொட்டி நல்லபடியாக ஓடுகிறது என்று சொன்னால் அவன் எதற்கு வருவான்? என் பிள்ளை வருவதும் வராததும் இல்லாத ஒரு அடைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தண்ணீர்ப் பிரிவில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிசு. முதல் நாளே பெரிய டேங்க்குகளை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுவோம். கழுவி நிரப்பி, மோட்டாருக்கும் வால்வுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, மோட்டாருக்கு ஓய்வு கொடுப்போம். விஜயதசமி காலையில் மறுபடி ஓட்டும்போது முதல் தண்ணீரை முழு வாயில் விடவேண்டும். சிக்கனமாகத் திறந்தால் வருஷம் முழுக்கத் தண்ணீர் சிக்கனமாகிவிடும் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். ரிட்டையர் ஆன பிறகும் நான் வீட்டில் இதை விட்டதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. டேங்க் கழுவும்போது முதலில் கீழ் வால்வை மூடி, அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவோம். துணி இருந்தால் எவனும் தொடமாட்டான். கழுவின தண்ணீரெல்லாம் போய், முகர்ந்து பார்த்த பிறகுதான் துணி அவிழும். இருபத்தெட்டு வருஷத்தில் நான் துணி கட்ட மறந்ததே இல்லை.

அன்றைக்கும் மறக்கவில்லை. வீட்டு மேல்தொட்டியைக் கழுவ ஆட்டோக்காரரை இறக்கிவிட்டு, சமையலறைக்குப் போகிற வால்வையும் குளியலறைக்குப் போகிற வால்வையும் மூடித் துணி கட்டினேன். டிரம்முக்குப் போகிற மிதவை வால்வுக்குக் கைப்பிடி கிடையாது. துணி கட்ட இடமில்லை. அதனால் என் புத்தியில் அது ஒரு வால்வாகவே நிற்கவில்லை. மேலே பிளீச்சிங் பவுடர் கரைந்துகொண்டிருந்தபோது, டிரம்மில் பந்து இறங்கியிருக்கிறது. யாரையும் கேட்காமல் அது திறந்துகொண்டது.

அன்று சாயங்காலம் சக்கரத்தைக் கீழே தள்ளிச் சொட்டை நிறுத்தினேன். டிரம்முக்கும் டியூபுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் பூஜை முடிந்து எல்லாம் ஓய்வில் இருந்தது. டிரம் மூடியைத் திறக்கவில்லை. மூடிமேல் பூ வைத்திருந்தேனே, எப்படித் திறப்பேன்?

விஜயதசமி காலையில் தீபம் காட்டி, சக்கரத்தை முழுசாக மேலே தள்ளினேன். முதல் தண்ணீர் முழு வாயில். சொட்டாக இல்லை, நூலாகவே இறங்கியது. அப்படியே விட்டுவிட்டு மலையடிவாரத்துக் கீழ்க்கோயிலுக்குப் போனேன். மலை ஏறத்தான் டாக்டர் விடவில்லை. கூட்டம். கர்ப்பகிரகத்தின் முன்னால் நின்று, "டிசம்பர் வரைக்கும் இந்தப் பொய்ய காப்பாத்திக் குடு" என்று கேட்டேன். ஈஸ்வரனிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? நான் கேட்டேன்.

திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே மூக்கில் அடித்தது. எனக்குத் தெரிந்த வாடை. செருப்போடு உள்ளே ஓடினேன். மீன் மேல்மட்டத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

சக்கரத்தை மூடினேன். மீனை எடுப்பதா, தண்ணீரை எடுப்பதா ஒன்றும் ஓடவில்லை. எதிர்வீட்டில் மாலை போட்ட ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

"இன்னா நைனா, மூஞ்சி பேயறைஞ்சா மாதிரி கீது?"

"மீனு சாவுதுப்பா. என் புள்ளைக்குப் போன் பண்ணணும்."

"ஏறு ஏறு. நம்பர் எடுத்துக்கினியா?"

நம்பர் பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. பஞ்சாங்கத்தோடு ஏறினேன். நான் அவனுக்குப் போன் செய்ததே கிடையாது; அவன்தான் எனக்குச் செய்வான். வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச வசதியும் இல்லை. கடைத்தெரு எஸ்டிடி பூத்தில் இருந்த அம்மா நம்பரைப் போட்டுக் கொடுத்தார்கள்.

"ஹலோ?" பின்னால் ரயில் சத்தம்.

"நான்தாம்ப்பா."

"அப்பா! இன்னாச்சுப்பா? எங்கருந்து பேசற? ஆஸ்பத்திரியா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. மீனு..."



"மீனா? ஐயோ, என் உயிரே போயிட்டு வந்துச்சுப்பா. சொல்லு, மீனுக்கு இன்னா?"

"பிளீச்சிங் பவுடர் தண்ணி தொட்டிக்குள்ள போயிடுச்சு. மேல்தொட்டி கழுவினேன். டிரம்முல எறங்கி, அங்கருந்து தொட்டிக்கு..."

"எப்படிப்பா போவும்? சொட்டத்தான் நிறுத்தி வெச்சிருக்கியே? அடைச்சிகிச்சுன்னு சொன்னியே?"

இன்னொரு பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆட்டோக்காரர் ஊற்றின பக்கெட் என்று சொல்லிவிடலாம். அவர் பூத்துக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு மருந்து இறங்கியது என்று தெரியாமல் அவன் எப்படி வழி சொல்வான்? அந்த மீனோ வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

"அடைக்கலப்பா" என்றேன். "ஒரு நாளும் அடைக்கல. நான் பொய் சொன்னேன்."

"ஏம்ப்பா?"

"அடைச்சிகிச்சுன்னா நீ பேசற."

இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன். பூத் அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ நோட்டைப் புரட்டினார்கள்.

"இருக்கேன்பா" என்றான். "அத அப்புறம் பேசலாம். மொதல்ல மீன வெளிய எடு. பின்னாடி கை பம்ப்பு இருக்குல்ல, அந்தப் போர் தண்ணி. அதுல மருந்து இருக்காது."

"அது உப்புத் தண்ணியாச்சே. வாயில வெக்க முடியாது."

"லேசா உப்பு இருந்தா தங்க மீனுக்கு நல்லதுதாம்பா. பிளாஸ்டிக் டப்புல அடிச்சு வை, அதுல விடு. நீ தூக்காத. சொல்றது கேக்குதா? நீ தூக்காத."

ஆட்டோக்காரர்தான் பம்ப்பு அடித்தார். துணி துவைக்கக்கூட ஆகாது என்று நாங்கள் ஒதுக்கி வைத்த தண்ணீர். மீனை ரெண்டு கையாலும் ஏந்தி டப்பில் விட்டேன். பக்கவாட்டிலேயே மிதந்தது. கப்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன், காற்று கலக்கட்டும் என்று. ஒரு ஊற்றுக்கு ஒரு நமசிவாய. ஆட்டோக்காரர் சவாரிக்குப் போகாமல் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"ஏன் நைனா, புள்ளைகிட்ட இன்னாத்துக்குப் பொய் சொன்ன? எனக்கு வெளிய வரைக்கும் கேட்டுச்சு."

"பேசறதுக்கு ஒண்ணும் இல்லப்பா."

"அடப்பாவி மனுசா. எதிர்ல நா ஒருத்தன் கீறேனே. வந்து பேசறது? நா பேச ஆரம்பிச்சா எம் பொண்டாட்டி காதப் பொத்திக்குவா."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மீன் நிமிர்ந்தது. வால் ஓரம் கிழிந்து வெளுத்துப்போயிருந்தது. ஆனால் நிமிர்ந்து நின்றது. விபூதியை எடுத்து டப்பின் விளிம்பில் பூசிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மீனுக்காக மட்டும் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்குக் காபி போட்டேன். போன் வராது என்றே நினைத்தேன். ஐந்தாயிற்று, ஐந்தேகாலாயிற்று. காபியில் ஆடை கட்டியது. ஐந்தரைக்கு மணி அடித்தது.

"மீன் எப்படிப்பா இருக்கு?"

"தீனி துன்னுது."

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? திட்டக் கூடாது. இங்க என் பக்கத்து சீட்டுல ஒரு ஜெர்மன்காரன். ஒன்றரை வருஷமா குட் மார்னிங்குக்கு மேல ஒரு வார்த்த பேசினதில்ல. உன் சொட்டு அடைப்பப் படம் போட்டு அவங்கிட்ட கேட்டேன். அவன் வூட்லயும் மீன் தொட்டி இருக்குதாம். மூணு வாரமா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடறோம். போன ஞாயித்துக்கெழமை அவன் வூட்டுக்குக் கூப்புட்டான். இந்த ஊர்ல நான் ஏறின மொத வூடு அதுதான்."

அவனுக்கு அங்கே ஒருவரும் இல்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. வேலைக்குப் போகிற பிள்ளைக்கு என்ன குறை என்றுதான் இருந்தேன்.

"இப்ப அவங்கிட்ட இன்னான்னு சொல்றது?" என்றான்.

"சரியாப் பூடுச்சின்னு சொல்லு. பொய் மட்டும் சொல்லாதப்பா."

"அத நீ சொல்றியா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் அம்மா போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

டிசம்பரில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பார்சல் வந்தது. இனிமேலும் அடைக்கக் கூடாதென்று அந்த ஜெர்மன்காரர் கொடுத்தனுப்பிய, விரல் மொத்தத்தில் ஒரு சின்ன வடிகட்டி. இல்லாத அடைப்புக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மருந்து. டியூபில் அதைப் பொருத்தினேன். மேல்தொட்டிக்கும் டிரம்முக்கும் நடுவில் கைப்பிடி வைத்த வால்வு ஒன்றும் போட்டேன். அதில் ஒரு சிவப்புத் துணி எப்போதும் கட்டியிருக்கும். துணியை அவிழ்த்து, முகர்ந்து பார்த்து, நானே திறந்து மூடினால்தான் டிரம்முக்குத் தண்ணீர். சனிக்கிழமைக் காலைக்கு மறுபடி ஒரு வேலை வந்தது. மாடிக்குப் போனால் மலையையும் நேராகப் பார்க்க முடிந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் நானே முந்திக்கொண்டேன்.

"இன்னிக்கு ரிப்பேர் எதுவும் இல்லப்பா. எல்லாம் ஒழுங்கா ஓடுது."

"சரி. அப்ப சும்மா பேசு."

சும்மா என்றால் என்ன பேசுவது? சொட்டு விழுகிற சத்தத்தை அவனுக்குக் கேட்கச் செய்யலாம் என்று எழுந்தேன். போன் வயர் தொட்டி வரைக்கும் எட்டவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அது அவன் அம்மாவுக்கு ஏறிய அதே மாதிரி டியூப் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லையே என்று நினைவு வந்தது.

"உங்கம்மாவுக்குக் கடைசியா ஒரு டியூப் போட்டிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தேன்.